இருட்டறையின் வெளித்தாழ்ப்பாள்

ஆசிரியர் அறை ஜன்னலோரம் நின்று டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சந்துக்கு எதிரே ஆண்கள் பள்ளி. அதன் கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் ஒரு பையன் ஜன்னல் வெயிலில் ப்ரிஸத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான். திடீரென்று சுவரில் ஒரு முழ நீளத்துக்கு வண்ணம் விழுந்தது. அன்று காலையில்தான் என் பதினொன்றாம் வகுப்புப் பெண்களுக்கு அதே நிறங்களைக் கலர் சாக்பீஸால் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தேன். ஊதா சாக்பீஸ் தீர்ந்துபோயிருந்தது. "பரவால்ல மிஸ், ஊதா எப்படி இருக்கும்னு நாங்களே நினைச்சுக்கறோம்," என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஜன்னலில் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

ஒரு டாக்ஸி போகும் அகலம்தான் அந்தச் சந்து. இரண்டு பள்ளிகளும் ஒரே அறக்கட்டளையைச் சேர்ந்தவை. நிர்வாகக் குழு ஒன்று, ஆண்டு விழா ஒன்று. சரஸ்வதி பூஜை அன்று அங்கிருந்து இங்கே பிரசாதம்கூட வரும். ப்ரிஸம் மட்டும் வராது. நம் பெண்களை அங்கே கூட்டிக்கொண்டு போனால் என்ன? ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடியே ப்ரின்ஸிபல் அறைக்கு நடந்தேன்.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்படிப்பட்ட கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள் என்று எனக்கும் தெரியும். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட வேலைக்கு வரும் நம் கல்கத்தாப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி தமிழ்ச் சங்க மலர்க்காரர்கள் கேட்டபோது, வாய் முந்திக்கொண்டு சரி என்றுவிட்டது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதவர்கள் அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாடம் எடுப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதை பி.எட்.டில் சொல்லித் தருவார்கள். முதல் வகுப்பிலேயே அது உங்களுக்கு மறந்தும் போகும். நான் சொல்லப்போவது பயத்தைப் பற்றி. எந்தப் பயத்தைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று யாரும் நமக்குக் கற்றுத் தருவதில்லை.

ப்ரின்ஸிபல் மேடம் மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பையன்கள் இருப்பார்களே," என்றார். ஆண்கள் பள்ளித் தலைமை ஆசிரியரும் மறுக்கவில்லை. "பெண்கள் வருவார்களே," என்றார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடுவில் ஓடினேன். ஒரு மாதம் சந்தை அப்படியும் இப்படியும் கடந்த பிறகு அனுமதி வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. சனிக்கிழமை மட்டும், பையன்களுக்கு வகுப்பு முடிந்த பிறகு. பெண்கள் ஜோடி ஜோடியாக வரிசையில் வர வேண்டும். முன்னால் ஓர் ஆசிரியை, பின்னால் ஓர் ஆசிரியை. கடைசி நிபந்தனை இருட்டறை பற்றியது.

ஒளியியல் பரிசோதனைகளுக்கு மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை இருந்தது. அதில் ஒரு மேஜை போக ஒரு ஜோடிதான் நிற்க முடியும். "உள்ளே பெண்கள் இருக்கும்போது ஒரு பையன் தவறிப்போய் நுழைந்துவிட்டால்?" என்று தலைமை ஆசிரியர் கேட்டார். அதனால் கதவுக்கு வெளிப்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். பெண்கள் உள்ளே போனதும் லேப் அட்டெண்டர் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார். வேலை முடிந்ததும் உள்ளிருந்து தட்டினால் திறந்துவிடுவார். அந்தத் தாழ்ப்பாளில் கை வைக்கும் பையனுக்கு அன்றே டிசி என்று அவர்கள் பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்தார்கள்.

எனக்குச் சந்தோஷத்தில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. பெண்களுக்கும்தான். முதல் சனிக்கிழமை சுவரில் நிஜமான ஊதாவைப் பார்த்துவிட்டு வந்து, "மிஸ், நாங்க நினைச்ச ஊதா இது இல்ல," என்றார்கள்.

அந்த வகுப்பில் கோமதி என்று ஒருத்தி இருந்தாள். லேக் மார்க்கெட் பக்கம் அவள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். காபித்தூள், அப்பளம், வடகம் எல்லாம் கிடைக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வங்காளித் தோழிகள் வாயில் அவள் 'கோமொதி'யாகிவிட்டிருந்தாள். நான் ஒரு கேள்வி கேட்டால் அவள் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பாள். அவளை சயின்ஸ் பிரிவில் சேர்க்கவே அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லை. லேப் அனுமதி கிடைத்ததும் நான் கடைக்கே போய்ப் பேசினேன். அவர் எனக்கு ஒரு பொட்டலம் முறுக்கைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க நம்ம ஊருப் பிள்ள, சொல்லுதீய. படிக்கட்டும். ஆனா அந்தப் பையம்மாரு பள்ளிக்கூடம் போறதில ஒரு சின்னப் பேச்சு வந்தாலும் மறுநாளே நிப்பாட்டிருவேன். ஊர்ல எந்தங்கச்சி வீட்டுக்கு அனுப்பி, மாப்பிள்ள பாத்துருவேன்." அவர் மிரட்டவில்லை. அரிசி விலை சொல்வதுபோல் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். பெண்கள் வழக்கம்போல் இரண்டு பேருக்கு ஒரு குடையாகச் சந்தைக் கடந்தார்கள். கோமதியின் ஜோடி மௌஷுமி அன்று காய்ச்சலால் வரவில்லை, குடையும் மௌஷுமியுடையது. கோமதி முன்னால் போன ஜோடியின் குடைக்குள் மூன்றாவதாக நுழைந்துகொண்டாள். இருட்டறை முறை வந்தபோது தனியாகத்தான் உள்ளே போனாள். அட்டெண்டர் தாழ்ப்பாள் போட்டார்.

அதற்குப் பிறகு மழை பெய்யவில்லை, கொட்டியது. கல்கத்தாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த மழையின் சத்தம் தெரியும். அரை மணி நேரத்தில் சந்து கால்வாயாகிவிடும். நிர்வாகக் குழுவிலிருந்து போன் வந்தது: டிராம் நின்றுவிட்டது, பெண்களை உடனே அவர்கள் பள்ளிக்குக் கொண்டுபோய் கார்டியன்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துப் பின்வாசல் வழியாகத் தண்ணீர் பள்ளமான ஸ்டோருக்குள் வந்ததும் அட்டெண்டர் கருவிகளை மேலே தூக்க ஓடினார், போகிற வழியில் மெயின் ஸ்விட்சை அணைத்தார். அதுவும் சரியான காரியம்தான். எல்லோரும் சரியான காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தோம். நான் வரிசையின் முன்னால். பின்னால் எங்கள் கெமிஸ்ட்ரி ஆசிரியை. நாங்கள் எல்லோரும் அவரை 'தீதி', அதாவது அக்கா, என்போம். என்னைவிட இருபது வருஷம் மூத்தவர், எதற்கும் பதறாதவர். மழை நாளில் குடைகளுக்கு அடியில் பெண்களை எண்ண முடியாது. அதனால் குடைகளை எண்ணுவது எங்கள் வழக்கம். ஒரு குடை என்றால் ஒரு ஜோடி. தீதி எண்ணினார். போனபோது எத்தனை குடையோ, திரும்பும்போதும் அத்தனை குடை.

எங்கள் பள்ளி வாசலில் கார்டியன்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம். கூட்டம் கரைந்து கடைசியில் ஒரு கை ரிக்‌ஷா மட்டும் நின்றது. அதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோமதியின் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"எங்க மிஸ், எம்பிள்ள? பைய எடுக்கப் போயிருக்காளா?"

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் காலியான வராந்தா. குடைகள் போயிருந்தன.

தீதியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அதே கணத்தில் புரிந்துவிட்டது. என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பெங்காலியில் மெல்லப் பேசினார்.

"அந்த அம்மாகிட்ட லைப்ரரியில இருக்கான்னு சொல்லு. உக்கார வை, டீ குடு. நீ பின்பக்கமாப் போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வா. யாருக்கும் தெரிய வேணாம்."

"தீதி, கரண்ட் இல்ல. தண்ணி ஏறுது. அவ அங்க தனியா..."

"அதனாலதான் சொல்றேன். இப்ப அங்க யார் இருக்காங்க தெரியுமா? நாடக ஒத்திகைக்கு வந்த பன்னிரண்டாம் கிளாஸ் பசங்க. வெளிய போக முடியாம மாட்டிக்கிட்டு இருப்பானுங்க. ஒரு பொண்ணு, இருட்டறை, கட்டடம் முழுக்கப் பசங்க. இது அம்மா காதுல விழுந்தா அப்பா காதுல விழும். அப்புறம் அந்தப் பொண்ணுக்குப் படிப்பு ஏது? நம்ம யாருக்குமே லேப் ஏது?"

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவர் கெட்டவர் இல்லை. கோமதியைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எனக்கும் கால் பின்பக்க வாசலை நோக்கித்தான் திரும்பியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்த மாதிரி நேரத்தில் இரண்டு பயம் ஒன்றாக வரும். பிள்ளைக்கு என்ன ஆகியிருக்குமோ என்பது ஒன்று. வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்பது இன்னொன்று. இரண்டாவது எப்போதும் விவரமாகப் பேசும், அனுபவசாலியின் குரலில் பேசும். முதலாவதற்குப் பேச்சே வராது. எனக்கும் அன்று பேச்சு வரவில்லை. இவ்வளவு தெளிவாகவும் யோசிக்கவில்லை. வாசலுக்குப் போய் ரிக்‌ஷாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அக்கா, கோமதிய அந்தப் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்துட்டோம். இருட்டறைல இருக்கா. வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்கு. நான் இப்பப் போறேன். நீங்களும் வாங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ரிக்‌ஷாவிலிருந்து தண்ணீரில் இறங்கினார். "எந்தப் பக்கம்?" என்றார். அவ்வளவுதான்.

ஒரு டாக்ஸி அகலச் சந்துதான். அன்று அதைக் கடக்க வெகுநேரம் ஆனது போலிருந்தது. தண்ணீர் தொடைக்கு வந்தது. செருப்பு ஒன்று போனது, மற்றதை நானே விட்டேன். திறந்த சாக்கடை மூடி எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவித் தடவி நடந்தோம். அவர் என் தோளைப் பற்றியிருந்தார். நடுச்சந்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"அங்கன பையம்மாரு இருக்கானுவளா?"

"இருப்பாங்க."

என் தோளைப் பற்றியபடியே அடுத்த அடி வைத்தார்.

உள்ளே நுழையும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து ஆண் குரல்கள், கைதட்டு, மேஜை தட்டுவது போல மரத்தில் தாளம். ஹிந்தி சினிமாப் பாட்டு. அந்த அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. நடைபாதை மூலை திரும்பினோம். மாடிப்படி முழுக்கப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், படிக்கு இரண்டு பேராக. அவர்களுக்கு நேர் கீழே இருட்டறைக் கதவு. பள்ளியின் அடித்தளம் உயரம் என்பதால் தண்ணீர் வாசற்படிகளில்தான் ஏறிக்கொண்டிருந்தது, தரைக்கு இன்னும் வரவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

எங்களைப் பார்த்ததும் பாட்டு நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். தப்புச் செய்து பிடிபட்டவர்கள் எழுவது போலவே இருந்தது.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். புதுத் தாழ்ப்பாள், ஈரத்தில் இறுகியிருந்தது. என் விரல் வழுக்கியது. கோமதியின் அம்மா என்னை நகர்த்திவிட்டு, இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். விடுபட்டது. கதவைத் தள்ளினால் நகரவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது.

"கோமதி," என்றேன். பதிலில்லை.

"கோமதி, நான்தான், மிஸ்."

பதிலில்லை. அந்தச் சில நொடிகள்தான் என் வேலைக்காலத்திலேயே மிக மோசமானவை. உள்ளே காற்றோட்டம் கிடையாது என்பது அப்போதுதான் என் மூளையில் உறைத்தது. நானே எத்தனையோ தடவை உள்ளே நின்றிருக்கிறேன், அதுவரை தோன்றியதே இல்லை. கதவில் தோளைக் கொடுத்து முட்டினேன்.

அந்த அம்மா கதவோடு வாயை வைத்து, சாதாரணக் குரலில், சாப்பிடக் கூப்பிடுவது போல் கூப்பிட்டார். "ஏட்டி. அம்மால்லா வந்துருக்கேன்."

உள்ளே மேஜை நகரும் சத்தம் கேட்டது. கதவு கொஞ்சம் திறந்தது. கோமதி வெளியே வரவில்லை. முதலில் ஒரு கண் தெரிந்தது. அது அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு எங்களுக்குப் பின்னால் நின்ற பையன்களைப் பார்த்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

"ஏம்மா கத்தல? ஏன் தட்டல?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்வி.

"தட்டுனேன் மிஸ். அட்டெண்டர்னு நினைச்சுத் தட்டுனேன். யாருன்னு பையன் குரல் கேட்டுச்சு. அப்புறம் தட்டல." விக்கலுக்கு நடுவே சொன்னாள். "நெறைய பேர் வந்துட்டானுங்க. பாட ஆரம்பிச்சானுங்க. உள்ள ஒரு பொண்ணு இருக்குன்னு தெரிஞ்சுதான் பாடுறானுங்கன்னு புரிஞ்சுது. மேஜைய இழுத்துக் கதவுல போட்டேன். அவனுங்க தொறந்தா... தொறந்துட்டாலே முடிஞ்சுதுல்ல மிஸ். அப்பா..."

அவள் அம்மா முந்தானையால் அவள் முகத்தை மூடித் துடைத்தார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பினார். அவருக்குப் பெங்காலி பாஷை கடைக்கு வேண்டிய அளவுதான் வரும். அந்தப் பெங்காலியில் கேட்டார்: "உள்ளே பெண் இருக்கிறது தெரியுமா உங்களுக்கு?"

முதல் படியில் நின்றவன் உயரமாக, ஒல்லியாக இருந்தான். நாடகத்துக்கு ஒட்டிய மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அவன் என்னைப் பார்த்துப் பேசினான். "தெரியும் மிஸ். மூணு தடவை தட்டினாங்க. யாருன்னு கேட்டோம், பதிலில்லை. ஃபிசிக்ஸ் சாரைத் தேட ஒருத்தனை அனுப்பினோம், சார் வீட்டுக்குப் போயிட்டார். அட்டெண்டர் பின்பக்கம் மாட்டிக்கிட்டார். தாழ்ப்பாளைத் தொட்டா டிசி மிஸ். பரீட்சைக்கு ஆறு மாசம்தான் இருக்கு."

"அதுக்கு ஏன் பாடினீங்க?"

பின்னாலிருந்து ஒரு குண்டுப் பையன்தான் சொன்னான். "உள்ள இருட்டா இருக்கும்ல மிஸ். ஆள் இருக்கோம்னு தெரியட்டுமேன்னு பாடினோம். தனியா இருந்தா பயமா இருக்குமேன்னு."

"நீ பாடினா பயமே தேவலைன்னு இருந்திருக்கும்," என்றான் பக்கத்தில் நின்றவன் முணுமுணுப்பாக. யாரும் சிரிக்கவில்லை.

ஒட்டுமீசைக்காரன் வாசற்படியைக் காட்டினான். கரிக்கோடு ஒன்று போட்டிருந்தார்கள். "தண்ணி அதுவரை வந்தா தொறந்துடறதுன்னு முடிவு பண்ணியிருந்தோம் மிஸ். எல்லாரும் சேர்ந்து கை வைக்கறதுன்னு. அப்பத்தான் ஒருத்தனுக்கு மட்டும் டிசி குடுக்க முடியாது."

தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

நான் அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, பையன்கள் திறந்துவிடுவார்களோ என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பதினைந்து பேர், திறக்க முடியவில்லையே என்ற பயத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தது நாங்கள் போட்ட தாழ்ப்பாள்.

திரும்பிப் போகும்போது கோமதியின் அம்மா மகளிடம், "வீட்ல அப்பாகிட்ட நாந்தான் சொல்லுவேன். நீ வாயத் தொறக்காத," என்றார். நான் என்னவோ சொல்ல வந்தேன். "நீங்களும்தான் மிஸ்," என்றார்.

திங்கட்கிழமைக்குள் பேச்சு பரவிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். சந்துத் தண்ணீரைவிட வேகமாக அது ஓடும். ஒரு பெண் பையன்களோடு இருட்டறையில் இருந்தாள் என்பது முதல் வடிவம். கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள் என்பது இரண்டாவது. மேஜை விஷயம் யார் வாயிலோ அப்படி மாறியிருந்தது. பிற்பகலில் ப்ரின்ஸிபல் மேடம் என்னைக் கூப்பிட்டார். உள்ளே கோமதியின் அப்பா உட்கார்ந்திருந்தார், கடையில் பார்த்த அதே அமைதியோடு. பக்கத்தில் அவள் அம்மா. தீதி சுவரோரம் நின்றார். டிசி கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று மேடத்தின் முகமே சொல்லிற்று.

நான் பேசினேன். வேகமாக, நிறைய. பரீட்சை, மார்க், கோமதியின் மூளை, தாழ்ப்பாள் யார் போட்டது எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "நீங்க பள்ளிக்கூடத்து ஆளு. நீங்க இப்படித்தான் சொல்லணும்," என்றார்.

மறுக்க முடியாத வார்த்தை. தீதி தலையைக் குனிந்துகொண்டார்.

கோமதியின் அம்மா கணவர் பக்கம் திரும்பாமல் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "தாப்பாள நாந்தான் தொறந்தேன். எங் கையால தொறந்தேன். வெளியதான் போட்டுருந்துச்சு. அந்தப் பையம்மாரு ஒருத்தனும் தொடல. இவ உள்ள மேஜைய அணைப்புக் குடுத்து நின்னா. ஒரு பொம்பளப் பிள்ள இதுக்கு மேல என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ அங்க போயிருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"தொடை மட்டும் தண்ணியில."

வீட்டில் அந்த அம்மா இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது; மகள் மேல் வந்த பேச்சுக்கு மனைவி சாட்சி என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. டிசி வாங்காமல் எழுந்து போனார். அன்று நான் மட்டும் பின்பக்கமாகப் போய்க் கோமதியைக் கூட்டி வந்திருந்தால், அந்த அறையில் அவளுக்காகச் சொல்ல ஒரு ஆளும் இருந்திருக்க மாட்டார். அதைக் கணக்குப் போட்டு நான் அவரைக் கூட்டிப் போகவில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்: பெற்றவர்களிடம் மறைத்து அவர்கள் பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். தண்ணீருக்குள் அவர்களையும் இறக்குங்கள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். நிர்வாகக் குழு கூடிப் பேசி, பெண்களுக்கு இருட்டறை இல்லை என்று முடிவு செய்தது. மற்றப் பரிசோதனைகளுக்குப் போகலாம், ஒளியியல் மட்டும் நம் இடத்திலேயே. எங்கள் நூலகத்தின் பின்னறை ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். எத்தனை ஒட்டினாலும் எங்கோ ஒரு ஓரத்தில் வெளிச்சம் வரும். சொந்தமாக ஒளிமானி கிடையாது, லென்ஸ்களும் இரவல். கோமதி அந்த அறையில் படித்துத்தான் பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். போன வருஷம் எம்.எஸ்ஸி.யில் ஒளியியலையே எடுத்திருக்கிறாள். துர்கா பூஜை விடுமுறையில் வந்தபோது சொன்னாள்: "லேப்ல எல்லாரும் கதவச் சாத்துவாங்க மிஸ். நான் மட்டும் கதவுக்கு நடுவுல செருப்பை வச்சுட்டுத்தான் உள்ள போவேன். கேட்டா, காத்து வரட்டும்னு சொல்லிடுவேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இந்த வருஷம் இரண்டு பள்ளிக்கும் புதுத் தலைமை வந்திருக்கிறது. இருட்டறையைப் பெண்களுக்குத் திறக்கலாம் என்கிறார்கள். வெளித்தாழ்ப்பாளைக் கழற்றவும் சம்மதித்துவிட்டார்கள். எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேரும், "அவ்வளவுதானே மிஸ், பிரச்சினை தீர்ந்தது," என்றார்கள். தீரவில்லை. தாழ்ப்பாள் கதவில் மட்டும் இல்லை. ஆபத்தென்றால் கத்தக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, தானாகத் தெரிந்திருந்தது. கேட்டாலும் திறக்கக் கூடாது என்று பையன்களுக்கு நாமே சொல்லிக் கொடுத்தோம்.

அதனால் ஜூலை முதல் சனிக்கிழமைக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். ப்ரிஸம், லென்ஸ் எல்லாம் அப்புறம். ஒவ்வொரு பெண்ணாக இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றிலிருந்து உரக்கக் கத்த வேண்டும். வெளியே பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் நிற்பார்கள். சத்தம் கேட்டதும் யாராவது ஒருவன் கதவைத் திறந்து, 'என்ன ஆச்சு?' என்று கேட்க வேண்டும். அவள் வெளியே வந்து அடுத்தவளை உள்ளே அனுப்புவாள். அவ்வளவுதான் அன்றைய ப்ராக்டிகல்.

இதை நிர்வாகக் குழு முன்னால் வருகிற புதன்கிழமை சொல்ல வேண்டும். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒரு உறுப்பினர், இதில் ஏதாவது பேச்சு வந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார். நான்தான் என்று சொல்ல வேண்டும். அதைக் குரல் நடுங்காமல் சொல்ல வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.